அண்டார்க்டிகா: பிள்ளைகள் கேட்ட ஏழு கேள்விகள் – விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வாசகர்வட்டம்:

வணக்கம். நூலகத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அண்டார்க்டிகா பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும். முன்கூட்டியே சீட்டில் எழுதி வாங்கிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவை இவை. பாடப்புத்தகத்தில் உள்ள ஒரு வரிப் பதில் வேண்டாம், காரணத்தோடு வேண்டும்.

1. இரண்டு துருவத்திலும் சூரியன் ஒரே மாதிரிதானே சாய்ந்து விழுகிறது? தென் துருவம் மட்டும் ஏன் அவ்வளவு கூடுதல் குளிர்?
2. அத்தனை பனி கிடக்கிற இடத்தைப் பாலைவனம் என்று சொல்வது சரியா?
3. அங்கே குடிக்கத் தண்ணீர் எப்படி? பனியை அடுப்பில் வைத்து உருக்குவார்களா?
4. மைனஸ் 60-இல் டீசல், பேட்டரி, விமானமெல்லாம் எப்படி வேலை செய்யும்?
5. அது எந்த நாட்டுக்குச் சொந்தம்? 2048-இல் ஒப்பந்தம் முடிந்து சுரங்கம் தோண்டப் போகிறார்களாமே?
6. இந்தியாவிலிருந்து ஒருவர் அங்கே போக என்ன வழி?
7. முழுவதும் உருகினால் கடல் எவ்வளவு உயரும்?

பனிவயல்:

முதல் இரண்டுக்கு நான் சொல்கிறேன்.

வட துருவம் என்பது கடல். சில மீட்டர் தடிப்புள்ள மிதக்கும் பனி, அதற்குக் கீழே 4,000 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள தண்ணீர். கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரி வாக்கில்தான் உறையும். ஆகவே குளிர்காலம் முழுக்க அடியிலிருந்து அந்தத் தண்ணீர் வெப்பம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. தென் துருவம் கடல் மட்டத்துக்கு 2,835 மீட்டர் மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் ஏறத்தாழ 2,700 மீட்டர் வெறும் பனிக்கட்டிதான். ஒரு கிலோமீட்டர் மேலே போனால் 6, 7 டிகிரி குறையும் என்ற கணக்கை வைத்தாலே, உயரத்தால் மட்டும் 15 டிகிரிக்கு மேல் போய்விடுகிறது. ஊட்டி ஏன் குளிர்கிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள், பதில் அவர்களே சொல்வார்கள்.

மீதியைச் செய்வது மூன்று விஷயங்கள். ஒன்று, கண்டத்தைச் சுற்றி எந்த நிலமும் மறிக்காமல் வளையமாக ஓடும் கடல் நீரோட்டம். வடக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரை அது நெருங்க விடாது. இரண்டு, புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். மூன்று, அங்கே காற்று மெல்லியது, ஈரமே இல்லாதது. ஈரம்தான் தரையின் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் போர்வை. போர்வை இல்லாததால் வெப்பம் நேரே விண்வெளிக்குப் போகிறது.

பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள்: டிசம்பரில் 24 மணி நேரக் கணக்கில் பார்த்தால், தென் துருவத்தின் மேல் வளிமண்டல உச்சியில் விழும் சூரிய ஆற்றல் நிலநடுக்கோட்டில் விழுவதைவிட அதிகம். சூரியன் மறைவதே இல்லை என்பதுதான் காரணம். போதாததற்குப் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதும் ஜனவரித் தொடக்கத்தில்தான். இத்தனையும் இருந்து அந்த மாதச் சராசரி மைனஸ் 28-ஐ ஒட்டியே நிற்கிறது. வெயில் குறைவதால் குளிர்கிறது என்ற எண்ணம் அங்கேயே உடைந்துவிடும். வந்த வெயில் தங்குவதில்லை, அதுதான் விஷயம். தென் துருவ நிலையத்தில் இதுவரை பதிவான உச்ச வெப்பம் 2011 டிசம்பர் 25 அன்று மைனஸ் 12.3 டிகிரி.

நம் ஊர்க் குளிர்காலம் போல அங்கே ஒரு 'கடுங்குளிர் மாதம்' தனியாகக் கிடையாது. மார்ச்சில் சூரியன் இறங்கியதும் வெப்பம் மடமடவென விழுந்து, ஏப்ரல் கடைசிக்குள் ஏறக்குறைய அடிமட்டத்துக்கு வந்துவிடும். பிறகு செப்டம்பர் வரை அப்படியே தட்டையாகக் கிடக்கும்.

பாலைவனம் என்பது முழுக்கச் சரி. வெப்பத்தை வைத்து யாரும் பாலைவனம் என்று சொல்வதில்லை, வானத்திலிருந்து விழும் நீரை வைத்துத்தான் சொல்கிறார்கள். தென் துருவத்தில் ஒரு வருடம் விழும் பனியை உருக்கினால் 7, 8 சென்டிமீட்டர் தண்ணீர் தேறும். கண்டம் முழுவதற்குமான சராசரி 15 சென்டிமீட்டரைச் சுற்றி இருக்கும். சென்னைக்கு ஒரு வருட மழை சுமார் 140 சென்டிமீட்டர். அங்கே விழுவது உருகுவதில்லை. லட்சக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்துதான் சராசரி 2 கிலோமீட்டர் தடிப்பு ஆகியிருக்கிறது. படங்களில் பார்க்கிற பனிப்புயல்கூடப் பெரும்பாலும் புதிதாகப் பெய்யும் பனி அல்ல. தரையில் கிடக்கும் பழைய பனியைக் காற்று வாரி இறைப்பதுதான்.

மெக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகளில் பனிகூடத் தரையில் நிற்காது. மலையிலிருந்து இறங்கும் வறண்ட காற்று அதை உருக்காமலே ஆவியாக்கிவிடுகிறது. அங்கே டான் யுவான் என்று ஒரு சிறு குட்டை. கால்சியம் குளோரைடு உப்பு மிகுந்திருப்பதால் மைனஸ் 50-இலும் அது உறையாமல் கிடக்கும்.

நீலவானம்:

உலகக் குளிர்ச் சாதனையையும் சேர்த்துச் சொல்லுங்கள். மைனஸ் 98 டிகிரி, அண்டார்க்டிகாவில்தான்.

பனிவயல்:

நண்பரே, அதில் ஒரு திருத்தம். வெப்பமானி வைத்து அளந்த சாதனை மைனஸ் 89.2. வோஸ்டோக் நிலையம், 1983 ஜூலை 21. மைனஸ் 98 என்பது செயற்கைக்கோள் அளந்த பனிப்பரப்பின் வெப்பநிலை; கிழக்கு அண்டார்க்டிக் மேட்டில் ஆழமில்லாத சிறு பள்ளங்களில் பதிவானது. வானிலை நிலையங்கள் அளப்பது தரைக்குச் சுமார் ஒன்றரை, இரண்டு மீட்டர் மேலே உள்ள காற்றை. காற்றடிக்காத தெளிந்த இரவில் தரை அதற்கு மேலுள்ள காற்றைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும். இரண்டையும் ஒரே பட்டியலில் வைக்கக் கூடாது.

'காற்றுக் குளிர்ச்சி' எண்ணிலும் இதே குழப்பம் வரும். மைனஸ் 30-இல் பலத்த காற்றடித்தால் மைனஸ் 50 போல உணரும் என்பார்கள். அது திறந்த தோலுக்கான கணக்கு. காற்று உடம்பின் வெப்பத்தை வேகமாகப் பறிக்கும், அவ்வளவுதான். ஒரு டின் டீசலை அதே காற்றில் வைத்தால் மைனஸ் 30 வரை சீக்கிரம் இறங்கும், அதற்குக் கீழே போகாது.

ஊற்றுக்கண்:

தண்ணீர்க் கேள்விக்கு வருகிறேன். சுற்றிலும் பனி, ஆனால் தண்ணீர்தான் அங்கே விலையுயர்ந்த பொருள். காரணம் எரிபொருள்.

கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுங்கள். மைனஸ் 50-இல் உள்ள 1 கிலோ பனியை 0-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 100 கிலோஜூல். அதை உருக்க 334. உருகிய தண்ணீரை 20 டிகிரிக்குச் சூடாக்க 84. ஆக மொத்தம் 520 கிலோஜூல் வாக்கில். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36,000 கிலோஜூல் இருக்கிறது. வீணே இல்லாமல் எரித்தால்கூட 70 லிட்டர் தண்ணீருக்கு 1 லிட்டர் டீசல். பாதி வெப்பம் வீணானால் 35 லிட்டர்தான். 25 பேர் இருக்கும் நிலையத்தில் ஆளுக்கு 100 லிட்டர் என்றால், தண்ணீருக்கு மட்டுமே தினமும் 70 லிட்டர் டீசல் போகும். அந்த டீசலும் கப்பலிலோ விமானத்திலோதான் வந்தாக வேண்டும்.

அதனால் இடத்துக்கு ஏற்ற வழியைப் பிடிக்கிறார்கள். நம் மைத்ரி நிலையம் ஷிர்மாக்கர் பாறைத்திட்டில் இருக்கிறது. அருகிலேயே பிரியதர்ஷினி என்ற நன்னீர் ஏரி. மேலே பனி மூடினாலும் அடியில் தண்ணீர் இருக்கும், அதைக் குழாயில் எடுக்கிறார்கள். குழாய்தான் பலவீனமான இடம். ஓட்டம் நின்றால் உறையும். உறைந்தால் தண்ணீர் விரிந்து குழாயை வெடிக்க வைக்கும். ஆகவே வெப்பக் கம்பி சுற்றி, மேலே காப்புறை போட்டு, குழாயைச் சரிவாக அமைப்பார்கள். பம்பு நின்றால் தண்ணீர் தானாக வடிந்துவிட வேண்டும்.

கடலோரத்தில் உள்ள அமெரிக்காவின் மெக்மர்டோ நிலையம், கடல்நீரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரித்துக்கொள்கிறது.

தென் துருவத்தில் ஏரியும் இல்லை, கடலும் இல்லை. அங்கே இருப்பது பனிக்குள் ஒரு கிணறு. முதலில் வெந்நீரைப் பீய்ச்சி ஒரு துளை போடுகிறார்கள். மேல்பகுதிப் பனி இறுகாமல் பஞ்சு போல இருப்பதால் அங்கே உருக்கிய தண்ணீர் கசிந்து ஓடிவிடும். எனவே சுமார் 60 மீட்டர் தாண்டி, தண்ணீர் தேங்கி நிற்கும் அளவுக்குப் பனி இறுகிய ஆழத்தில்தான் குளம் அமைக்க வேண்டும். பிறகு மின்னாக்கிகளின் கழிவு வெப்பத்தால் சூடாக்கிய நீரைக் கீழே விடுகிறார்கள். அது சுவரை உருக்கி, பல்பு வடிவில் ஒரு குளத்தை உண்டாக்கும். குளத்து நீரில் ஒரு பகுதியை மேலே எடுத்துப் பயன்படுத்தி, இன்னொரு பகுதியை மறுபடி சூடாக்கித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

கெடுவது எப்படி? சூடாக்கல் நின்றால் குளம் சுற்றிலிருந்து உறையத் தொடங்கும், பம்பும் குழாயும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அளவுக்கு மீறி இறைத்தால் குளம் அகலாமல் வேகமாகக் கீழே இறங்கும், பம்பு தூக்க வேண்டிய உயரம் கூடும். எப்படிப் பார்த்தாலும் வருடத்துக்கு வருடம் குளம் ஆழமாகிக்கொண்டேதான் போகும். சில ஆண்டுகளில் 150 மீட்டர் அளவுக்குப் போனதும் அதைக் கைவிட்டுப் புதுக் கிணறு போடுவார்கள். பழைய குழி கழிவுநீர்த் தொட்டியாகிவிடும். இந்தக் கிணற்றின் அடியில் படிந்த மண்டியைச் சேகரித்தபோது, பனியோடு பனியாகப் பல நூற்றாண்டுகள் முன் விழுந்த நுண் விண்கற்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. குடிநீர்க் கிணறு ஆய்வுக்கூடமும் ஆனது.

தென் துருவ நிலையத்தில் குளியல் வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 2 நிமிடம்.

நிலையத்துக்கு வெளியே கூடாரத்தில் தங்குகிறவர்கள் மட்டுமே பிள்ளைகள் நினைப்பதுபோல அடுப்பில் உருக்குகிறார்கள். அதற்கும் முறை உண்டு. வெறும் பாத்திரத்தில் காய்ந்த பனியைப் போட்டுச் சூடேற்றக் கூடாது. அடியில் தொட்டுக்கொண்டிருக்கும் பனி உருகியதும் மேலே உள்ள பனி அந்த நீரை உறிஞ்சிக்கொள்ளும், அடியில் இடைவெளி விழும், பாத்திரம் தீயும், தண்ணீரில் கருகல் நாற்றம் ஏறும். முதலில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பனி சேர்க்க வேண்டும், மூடி போட வேண்டும். காற்று இறுக்கிய பனியை ரம்பத்தால் அறுத்து எடுத்தால் 10 லிட்டர் பாத்திரத்துக்கு 3, 4 லிட்டர் தண்ணீர் வரும். பொலபொலவென்ற பனியில் 1 லிட்டர் வந்தாலே பெரிது. பனி எடுக்கும் இடம் கூடாரத்துக்குக் காற்று வரும் பக்கம், கழிப்பிடமும் வண்டிகளும் காற்று போகும் பக்கம். கூடாரத்தின் மேல் துவாரம் திறந்திருக்க வேண்டும். குளிருக்குப் பயந்து அதை அடைத்துவிட்டு அடுப்பெரித்தால் கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் கொன்றுவிடும்.

பட்டறை:

டீசல், பேட்டரி பற்றி.

டீசல் திடீரென்று கட்டியாக உறைவதில்லை. அதில் கரைந்திருக்கும் மெழுகு முதலில் துகள் துகளாகப் பிரியும். எண்ணெய் இன்னும் திரவமாகத்தான் இருக்கும், ஆனால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அடையாளம் இது: வண்டி கிளம்பும், சில நிமிடம் ஓடும், பிறகு மூச்சுத் திணறி நிற்கும். வடிகட்டியைச் சூடாக்கினால் மறுபடி ஓடும். நாம் பங்க்கில் போடும் டீசல் அந்தக் குளிரில் எதற்கும் ஆகாது. தென் துருவத்தில் பயன்படுத்துவது ஜெட் விமான எரிபொருள் வகை மண்ணெண்ணெய். அதன் உறைநிலை மைனஸ் 58.

மண்ணெண்ணெயில் வேறொரு சிக்கல் உண்டு. டீசலுக்கு உள்ள வழவழப்பு அதற்குக் கிடையாது. எரிபொருள் பம்பு தன் உள்பாகங்களுக்கு எரிபொருளையே மசகாக நம்பியிருப்பதால் தேய்மானம் கூடும். அதற்கென்று மசகுக் கூட்டுப்பொருள் கலக்க வேண்டும். இதைவிட அதிகம் தொல்லை கொடுப்பது எரிபொருளில் சேரும் தண்ணீர். அரைத் தொட்டி காலியாக இருந்தால் அந்தக் காற்றின் ஈரம் சுவரில் படிந்து, கீழே இறங்கி, குழாய் வளைவில் உறைந்துகொள்ளும். வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பி வைப்பதும், நீர்ப்பிரிப்பானைத் தினமும் வடிப்பதும் அதனால்தான்.

ரேடியேட்டர் தண்ணீர் உறையாமல் இருக்க ஊற்றும் கிளைக்காலைக் கூட்டினால் நல்லது என்று நினைப்பது பொதுவான தவறு. பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும், 60 சதவீதம் கலந்தால் மைனஸ் 50 தாண்டியும் தாங்கும். தண்ணீரே சேர்க்காமல் ஊற்றினால் மைனஸ் 13 வாக்கிலேயே உறைந்துவிடும்.

ஈய-அமில பேட்டரி முழுச் சார்ஜில் இருந்தால் அமிலம் மைனஸ் 60 வரைகூட உறையாது. சார்ஜ் தீர்ந்துவிட்டால் உள்ளே இருப்பது கிட்டத்தட்டத் தண்ணீர். மைனஸ் 10-இலேயே உறைந்து பெட்டி பிளந்துவிடும். லித்தியம் பேட்டரியைக் குளிரில் பயன்படுத்தலாம், திறன் குறையும். ஆனால் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. லித்தியம் மின்முனைக்குள் நுழைய முடியாமல் வெளிப்பரப்பில் உலோகமாகப் படியும். திறன் நிரந்தரமாகப் போகும், உள்ளே ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டுத் தீப்பிடிக்கவும் கூடும். 40 சதவீதம் காட்டிய கைபேசி குளிரில் சட்டென அணைந்தால் பயப்பட வேண்டாம். உட்சட்டைப் பையில் வைத்துச் சூடேற்றினால் திரும்பி வரும்.

கேமரா கெடுவது பெரும்பாலும் வெளியே அல்ல, உள்ளே வரும்போதுதான். குளிர்ந்த கருவியைச் சூடான அறைக்குள் அப்படியே கொண்டுவந்தால் அறையின் ஈரம் முழுவதும் அதன்மேல், அதற்குள்ளும், நீராகப் படியும். வெளியிலேயே காற்றுப் புகாத பாலிதீன் பையில் போட்டுக் கட்டிவிட்டு உள்ளே எடுத்து வந்து, அறை வெப்பத்துக்கு வரும்வரை சில மணி நேரம் பிரிக்காமல் விட வேண்டும்.

விமானம்: தென் துருவத்துக்குப் போவது சறுக்குக்கட்டை பொருத்திய ஹெர்குலிஸ் விமானங்கள். மைனஸ் 50-க்குக் கீழே எரிபொருளும் ஹைட்ராலிக் எண்ணெயும் ஒத்துழைக்காது. அதனால் பிப்ரவரி நடுவில் கடைசி விமானம் கிளம்பினால் அக்டோபர் கடைசி வாக்கில்தான் அடுத்த போக்குவரத்து. இடைப்பட்ட எட்டு மாதம் 40-லிருந்து 45 பேர் அங்கேயே இருப்பார்கள். 2001, 2003, 2016 ஆண்டுகளில் நோயாளிகளை மீட்கச் சிறிய ட்வின் ஆட்டர் விமானங்கள் வழக்கமான போக்குவரத்து இல்லாத அந்த மாதங்களில் இறங்கியிருக்கின்றன. அவை ஹெர்குலிஸைவிடக் கடுமையான குளிரையும் தாங்குபவை.

அங்கே குளிரைவிட அதிகம் அஞ்ச வேண்டியது தீ. காற்று எலும்பாக வறண்டிருக்கிறது, தீயணைக்கத் தண்ணீர் இல்லை, அடிக்கும் காற்று விசிறி விடுகிறது, கட்டடம் போனால் ஒதுங்க வேறு இடமில்லை. 1982 ஏப்ரலில் வோஸ்டோக்கில் மின்நிலையம் எரிந்தபோது ஒருவர் இறந்தார். மற்றவர்கள் கையால் செய்த அடுப்புகளை வைத்து, விமானம் வரும்வரை அந்தக் குளிர்காலத்தைக் கடத்தினார்கள். இன்று நிலையங்களில் இரண்டாவது மின்னாக்கியையும் அவசர இருப்பிடத்தையும் தனிக் கட்டடத்தில் தள்ளி வைக்கும் வழக்கம் உள்ளதற்கு இப்படிப்பட்ட ஆபத்துதான் காரணம்.

வாசகர்வட்டம்:

மிக்க நன்றி. எட்டு மாதம் யாரும் வர முடியாது என்றால் அங்கே அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் என்ன செய்வார்கள்? இதை நிச்சயம் கேட்பார்கள்.

பட்டறை:

நிலையத்து மருத்துவரே செய்வார், பயிற்சி பெற்ற சக ஊழியர்கள் உதவுவார்கள். தொலைமருத்துவ வசதியும் உண்டு. மருத்துவருக்கே வந்தால்? 1961-இல் சோவியத் நிலையம் நோவோலாசரெவ்ஸ்காயாவில் லியோனித் ரோகசோவ் என்ற மருத்துவர் தன் குடல்வாலைத் தானே அகற்றினார். உணர்வு மரத்துப்போகும் ஊசியை வயிற்றில் மட்டும் போட்டுக்கொண்டு, ஒருவர் கண்ணாடி பிடிக்க, இன்னொருவர் கருவி எடுத்துக் கொடுக்க, கண்ணாடியில் தெரிவது இடம் வலம் மாறிக் குழப்பியதால் பெரும்பகுதியைத் தொட்டுணர்ந்தே செய்தார். சுமார் இரண்டு மணி நேரம் ஆனது. இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார். அந்த நிலையம் நம் மைத்ரி இருக்கும் அதே பாறைத்திட்டில், சில கிலோமீட்டர் தள்ளி இன்றும் இயங்குகிறது.

சட்டவாணி:

ஐந்தாவது கேள்வி. 2048 பற்றிப் பரவியிருப்பது தவறான தகவல்.

இரண்டு ஆவணங்களைப் பிரித்துப் பாருங்கள். அண்டார்க்டிக் ஒப்பந்தம் 1959 டிசம்பர் 1 அன்று 12 நாடுகள் கையெழுத்திட்டது. 1961 ஜூன் 23 முதல் நடப்பில் உள்ளது. அதற்கு முடிவுத் தேதியே கிடையாது. அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, சிலி, பிரான்ஸ், நியூசிலாந்து, நார்வே, பிரிட்டன் ஆகிய ஏழும் ஏற்கெனவே உரிமை கோரியிருந்தன. அவற்றில் பிரிட்டன், சிலி, அர்ஜென்டினா கோரும் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. மேரி பேர்ட் நிலம் என்ற பெரும்பகுதியை யாருமே கோரவில்லை. ஒப்பந்தத்தின் 4-ஆம் பிரிவு இந்தக் கோரிக்கைகளை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இருந்த இடத்தில் அப்படியே நிறுத்தி வைத்தது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை புதுக் கோரிக்கை எழுப்ப முடியாது, பழையதைப் பெரிதாக்கவும் முடியாது. நிலையம் கட்டினால் இடம் சொந்தமாகிவிடும் என்ற கணக்கும் செல்லாது.

சுரங்கத் தடை இருப்பது 1991-இல் மாட்ரிட்டில் கையெழுத்தான சுற்றுச்சூழல் நெறிமுறையில். அதன் 7-ஆம் பிரிவு அறிவியல் ஆய்வு தவிர்த்த எல்லாக் கனிமச் செயல்பாட்டையும் தடை செய்கிறது. அது 1998 ஜனவரி 14 அன்று நடப்புக்கு வந்தது. அதிலிருந்து 50 ஆண்டு கழிந்த பிறகு, வாக்குரிமை உள்ள எந்த நாடும் மறுஆய்வு மாநாடு கேட்கலாம். 2048 என்ற எண் வந்தது இங்கிருந்துதான். கேட்கலாம் என்பதற்கும் முடிகிறது என்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

மாநாடு கூடி மாற்றம் நிறைவேறினாலும், அது நடப்புக்கு வர வாக்குரிமை நாடுகளில் நான்கில் மூன்று பங்கு ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதல்களில் 1991-இல் வாக்குரிமை பெற்றிருந்த 26 நாடுகளும் ஒன்று விடாமல் இருக்க வேண்டும். இந்தியா 1983 முதலே வாக்குரிமை நாடு. ஆக, இந்தியா ஒப்புக்கொள்ளாமல் அந்த மாற்றம் நடப்புக்கு வராது. மேலும் சுரங்கத்தை ஒழுங்குபடுத்தும் கட்டாயச் சட்ட ஏற்பாடு ஒன்று நடப்பில் இருந்தால் தவிரத் தடையை நீக்கவே முடியாது. கவனிக்க வேண்டிய ஓட்டை ஒன்று உண்டு: நிறைவேறிய திருத்தம் 3 ஆண்டுக்குள் நடப்புக்கு வராவிட்டால், ஒரு நாடு நெறிமுறையிலிருந்து விலகுவதாக அறிவிக்கலாம், அறிவித்து 2 ஆண்டு கழித்து விலகல் செல்லும். கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான், தேதியைப் பற்றி அல்ல.

தென்திசை:

ஆறாவது கேள்விக்கு: இரண்டு வழி, வேலையாகப் போவது, பயணியாகப் போவது.

இந்தியாவின் பயணங்களை நடத்துவது கோவாவில் உள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம். முதல் குழு 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கப்பலில் கிளம்பி 1982 ஜனவரி 9 அன்று இறங்கியது. மிதக்கும் பனித்தட்டின்மேல் கட்டிய முதல் நிலையம் தட்சிண கங்கோத்திரி பனியில் புதைந்துபோனது. இப்போது இயங்குவது பாறைமேல் கட்டிய மைத்ரியும், லார்ஸ்மன் குன்றுகளில் 2012-இல் தொடங்கிய பாரதியும். பாரதியை 134 சரக்குப் பெட்டகங்களை அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள்.

விஞ்ஞானிகள் மட்டும்தான் போக முடியும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவர், செவிலியர், சமையல்காரர், மின்பணியாளர், வண்டி மெக்கானிக், பற்றவைப்பவர் எல்லாரும் வேண்டும். ஐ.டி.ஐ. படித்தவருக்கும் வழி உண்டு. இந்தப் பணிகளுக்கு அந்த மையம் ஒப்பந்த அடிப்படையில் விளம்பரம் கொடுக்கும், அதன் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தேர்வானால் முழு மருத்துவப் பரிசோதனை, மனநலப் பரிசோதனை, உத்தரகண்டின் அவுலியில் பனிப் பயிற்சி. கோடைக் குழு சில மாதங்களில் திரும்பும், குளிர்காலக் குழு ஓராண்டுக்கு மேல் தங்கும். வழக்கமான வழி தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன். அங்கிருந்து பனி ஓடுதளத்துக்கு விமானத்தில் சுமார் 6 மணி நேரம். சரக்கு கப்பலில் வரும்.

பயணியாக என்றால் பெரும்பாலும் அர்ஜென்டினாவின் உசுவாயாவிலிருந்து கப்பல், நவம்பர் முதல் மார்ச் வரை. தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் இடையே உள்ள டிரேக் நீரிணையைக் கடக்க ஏறக்குறைய இரண்டு நாள். குமட்டல் வந்தபின் மாத்திரை போட்டுப் பயனில்லை, மருத்துவரைக் கேட்டுக் கப்பல் திறந்த கடலுக்குப் போகும் முன்பே போட வேண்டும். அண்டார்க்டிகாவுக்கென்று விசா கிடையாது, வழியில் உள்ள நாட்டின் விசா விதிகளைப் பார்க்க வேண்டும். பயண நிறுவனம் ஏதாவதோர் உறுப்பு நாட்டின் அனுமதி பெற்றிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இந்தியாவிலிருந்து தனியாகக் குழு அமைத்துப் போவதானால் 2022-ஆம் ஆண்டின் இந்திய அண்டார்க்டிக் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். 500 பேருக்கு மேல் ஏற்றும் கப்பல்கள் யாரையும் கரையில் இறக்குவதில்லை. சிறிய கப்பலிலும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் 100 பேர்தான். கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது இதுதான் முதலில் பார்க்க வேண்டியது. காப்புறுதியில் மருத்துவ மீட்பு தெளிவாகச் சேர்ந்திருக்க வேண்டும்.

இந்தக் கப்பல்கள் போகும் அண்டார்க்டிகத் தீபகற்பத்தில் கோடையில் 0 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். பலர் ஒரே தடிமனான கோட்டை வாங்கிக்கொண்டு போய் அவதிப்படுகிறார்கள். உள்ளே மெல்லிய கம்பளி அல்லது பாலியஸ்டர், நடுவில் ஃப்ளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத மேலாடை, அதே மாதிரி கால்சட்டை. பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் உடம்பைக் குளிரவைக்கும். படகேறும் முன் வியர்க்கத் தொடங்கினால் ஓரடுக்கைக் கழற்றிவிடுங்கள்.

இறங்குவதற்கு முன் காலணி இடுக்கு, வெல்க்ரோ, பாக்கெட் தையல், கேமராப் பை எல்லாவற்றையும் தூரிகையாலும் வெற்றிட உறிஞ்சியாலும் சுத்தம் செய்து, காலணியைக் கிருமிநாசினியில் நனைக்க வேண்டும். ஒரு புல் விதை போதும். அந்தக் கண்டத்தில் இயற்கையாகப் பூக்கும் தாவரம் இரண்டே இரண்டு. அவற்றோடு போட்டி போட வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுபோய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது. பென்குவினிடமிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 2024-இல் பறவைக் காய்ச்சல் அந்தக் கரையை எட்டியிருக்கிறது, ஆகவே தரையில் உட்காரவோ, மண்டியிடவோ, பையை வைக்கவோ கூடாது. படம் நன்றாக வரும் என்று படுத்துவிடாதீர்கள்.

பனிவயல்:

ஏழாவது. முழுவதும் உருகினால் உலகக் கடல் சராசரியாக 58 மீட்டர் உயரும். எண் சரிதான், ஆனால் அதை மட்டும் சொன்னால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள், உண்மையும் புரியாது. அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும். இந்த நூற்றாண்டுக்கும் அடுத்ததற்கும் பார்க்க வேண்டியது மேற்கு அண்டார்க்டிகாவை. அங்கே பனியின் அடிப்பாறை கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, அதுவும் உள்நோக்கிச் சரிகிறது. உறைநிலையைவிடச் சில டிகிரி மட்டுமே கூடிய ஆழ்கடல் நீர் பனித்தட்டின் அடியில் புகுந்து அரிக்கிறது. பனி பின்வாங்கப் பின்வாங்க, விளிம்பு இன்னும் ஆழமான இடத்துக்கு வருகிறது, இன்னும் தடித்த பனி நீருக்கு முகம் காட்டுகிறது. த்வைட்ஸ் பனியாறு ஒன்றில் மட்டும் உலகக் கடலை 65 சென்டிமீட்டர் உயர்த்தும் பனி இருக்கிறது. சுமார் 360 பில்லியன் டன் பனி கடலில் சேர்ந்தால் 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே அளவு ஏறாது. இவ்வளவு பெரிய பனித்திணிவு தன் ஈர்ப்பால் கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்தப் பிடி தளர்ந்து தண்ணீர் தொலைவுக்கு நகரும். மேற்கு அண்டார்க்டிகா கரைந்தால் அதன் அருகில் கடல் இறங்கும். வட அமெரிக்கக் கரையிலும் இந்தியப் பெருங்கடலிலும் சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். அந்த வகையில் அது நம் கரையின் விஷயமும்தான்.

செய்து காட்ட: ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடித் தம்ளர். ஒன்றில் தண்ணீர் விட்டு நான்கு பனிக்கட்டியை மிதக்க விடுங்கள். இன்னொன்றில் ஒரு கல்லை வைத்து, கல்லின் தலை வெளியே தெரியும் அளவு தண்ணீர் விட்டு, நான்கு கட்டியைக் கல்லின்மேல் வையுங்கள். இரண்டிலும் நீர்மட்டத்தை மார்க்கரால் குறித்துவிட்டு 40 நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். முதல் தம்ளரில் மட்டம் மாறாது, அது கடற்பனி. இரண்டாவதில் ஏறும்; அது நிலத்துப் பனி. கட்டிகள் நீரைத் தொட்டால் பரிசோதனை கெட்டுவிடும், கல் உயரமானதாக இருக்கட்டும்.

கல்லும்மண்ணும்:

அந்தக் கல்லைப் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பச்சை சாயலில் எண்ணெய் பூசியதுபோல மின்னும் சார்னோகைட். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கொல்கத்தாக் கல்லறைக் கல் சென்னையிலிருந்து போனது, அதைப் பார்த்துத்தான் புவியியல் அறிஞர் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறைக்கு அந்தப் பெயர் வைத்தார். இதே வகைப் பாறை கிழக்கு அண்டார்க்டிகாவிலும் இலங்கையிலும் கிடக்கிறது. கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டமாக மூன்றும் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தின் மிச்சம். பிரிட்டிஷ் ஆய்வுப் பயணி ஸ்காட்டின் குழுவினர் 1912-இல் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்தபோது, அவர்கள் கடைசிவரை இழுத்து வந்த 16 கிலோ கற்களில் குளோசாப்டெரிஸ் என்ற அழிந்துபோன செடியின் இலைப் படிவங்கள் இருந்தன. நம் நாட்டுக் கோண்ட்வானா நிலக்கரிப் படுகைகளில் கிடைக்கும் அதே செடிதான். இரண்டாவது தம்ளரில் பனிக்கட்டிக்கு அடியில் பல்லாவரத்துக் கல் இருந்தால், பெரும்பனிக்கு அடியில் உண்மையாகவே என்ன இருக்கிறது என்பதும் பிள்ளைகள் கையில் கிடைத்துவிடும்.